7,000 ரூபாய்க்குள் பிக்கிள்பால் பேடில்: 14 மி.மீ.யா, 16 மி.மீ.யா?

மொட்டைமாடி_கோர்ட்
வணக்கம். ஷட்டில் ஆடிப் பழகின கை. இப்ப மனைவியும் நானும் சென்னையில மாடி கோர்ட்ல பிக்கிள்பால் (துளை போட்ட பிளாஸ்டிக் பந்தை வலைக்கு மேல மட்டையால அடிக்கிற ஆட்டம்) ஆடறோம். செட்டோட வந்த மரப் பேடில்தான் (மட்டை) இருக்கு. ஆளுக்கு ஒண்ணு வாங்கணும், ஒண்ணுக்கு 7,000 ரூபாய் வரைக்கும் போகலாம். கடையில ரெண்டு காட்டறாங்க: 14 மி.மீ. தடிமன்ல ஃபைபர்கிளாஸ், நீள வடிவம்; 16 மி.மீ. தடிமன்ல ரா கார்பன் (பெயின்ட் பூசாத கார்பன் இழை முகம்), அகல வடிவம். சர்வீஸ், டிரைவ் எல்லாம் வந்துடுது. கிச்சன் (வலையை ஒட்டின பகுதி) கோட்டுல நின்னு டிங்க் (வலையைத் தாண்டி மெதுவா விழற மாதிரி தட்டறது) பண்ணும்போதுதான் பந்து எழும்பி, எதிர்ல நிக்கிறவருக்கு அடிக்க வாகாப் போயிடுது. எதை எடுக்கலாம்? எடை, கைப்பிடி எப்படிப் பார்க்கிறது?

மூணாவது_ஷாட்
நீங்க சொல்ற பிரச்சினைக்கு 16 மி.மீ. தான் சரி. உள்ளே இருக்கிறது பாலிப்ரொப்பிலீன் தேன்கூட்டுக் கோர். அது தடிமனா இருந்தா பந்தோட வேகத்தை அதிகம் உள்வாங்கும். மெல்லிசா இருந்தா பந்து உடனே துள்ளிக் கிளம்பும். 13, 14 மி.மீ. பேடில்ல டிங்க், டிராப் (பின்னாலிருந்து கிச்சனுக்குள்ள மெதுவா விழவைக்கிறது) ரெண்டுமே உயரப் போறதுக்கு இதுதான் காரணம். பந்து படற ஃபைபர்கிளாஸ் முகமும் கார்பனைவிட அதிகமா வளைஞ்சு நிமிரும், அதனால அந்த முதல் பேடில்ல துள்ளல் ரெண்டு பக்கமிருந்தும் சேருது. பவர் ஏற்கெனவே இருக்கிற ஷட்டில் கைக்கு அது வேண்டாம்.

பேடில் மாத்தினாலும் ரெண்டு விஷயத்தை நீங்களே திருத்தணும். ஷட்டில்ல மணிக்கட்டைச் சுண்டற பழக்கம் டிங்க்ல ஆகாது. மணிக்கட்டைப் பூட்டிட்டுத் தோளிலிருந்து தள்ளுங்க. பிடியோட இறுக்கம் 10க்கு 3 இருந்தா போதும். இறுக்கிப் பிடிச்சா 16 மி.மீ. கூட பந்தை எழுப்பும்.

கோவை_டபுள்ஸ்
வடிவம் பத்தி. அகல பேடில் சுமார் 16 × 8 அங்குலம், நீள பேடில் 16.5 × 7.5. விதிப்படி நீளமும் அகலமும் சேர்ந்து 24 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, நீளம் மட்டும் 17க்கு மேல போகக் கூடாது. அதனால நீளத்தைக் கூட்டினா அகலம் குறைஞ்சே தீரும். பந்து நடுவுல படாம ஓரத்துல பட்டா பேடில் கையில திரும்பிடும். ஆரம்பத்துல பாதிப் பந்து ஓரத்துலதான் படும், அதனால அகலமே நல்லது.

எடைக்கு 7.8 முதல் 8.2 அவுன்ஸ், அதாவது 221 – 232 கிராம். 213 கிராமுக்குக் கீழே போனா வேகமான பந்தைத் தடுக்கும்போது பேடில் தள்ளாடும். 240ஐத் தாண்டினா முழங்கை வலி வரலாம், கிச்சன்ல கையும் மெதுவாகும். ஒரே மாடல்லயே ரெண்டு பேடிலுக்கு நடுவுல 5, 6 கிராம் வித்தியாசம் வரும். கடையில தராசு இருந்தா போட்டுப் பாருங்க.

கைப்பிடிச் சுற்றளவு 4 முதல் 4.5 அங்குலம் வரை கிடைக்கும். பேடிலைப் பிடிச்சுக்கிட்டு, மத்த கையோட ஆள்காட்டி விரலை விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவுல நுழைச்சுப் பாருங்க. சரியா அடங்கினா அதுதான் அளவு. சந்தேகம்னா சின்னதையே எடுங்க. ஓவர்கிரிப் (கைப்பிடி மேல சுத்தற மெல்லிய நாடா) சுத்திப் பெருசாக்கலாம், பெருசைச் சின்னதாக்க முடியாது. சென்னை வேர்வைக்கு ஓவர்கிரிப் எப்படியும் வேணும். வழுக்க ஆரம்பிச்ச அன்னைக்கே மாத்திடுங்க, வழுக்கினா தன்னால இறுக்கிப் பிடிப்பீங்க.

மொட்டைமாடி_கோர்ட்
ரொம்ப நன்றி. ஒரு பேடில்ல டி700னு போட்டிருக்கு, இன்னொண்ணுல 18கேன்னு. தெர்மோஃபார்ம்ட்னு ஒண்ணு 500 ரூபாய் அதிகம். இதெல்லாம் பார்க்கணுமா?

பேடில்_பட்டறை
டி700ங்கிறது கார்பன் இழையோட ரகம். 3கே, 18கேங்கிறது ஒரு கற்றையில 3,000 இழையா 18,000 இழையாங்கிற நெசவுக் கணக்கு. ரெண்டும் கோர் நல்லதா, பசை நல்லதான்னு சொல்லாது. 18கே பெருசுன்னு காசு கூடக் கொடுக்காதீங்க.

நீங்க பார்க்க வேண்டியது முகத்துல இருக்கிற சொரசொரப்பு எங்கிருந்து வருதுங்கிறதுதான். ரா கார்பன்ல அது இழை மேல பதிஞ்ச துணித் தடம். நகத்தை ஓட்டினா ஒரே சீரா இருக்கும். மலிவானதுல பெயின்ட்ல மணல் கலந்து தெளிச்சிருப்பாங்க, அது சீக்கிரம் வழவழன்னு ஆயிடும், ஸ்பின்னும் போயிடும்.

தெர்மோஃபார்ம்ட்னா சூட்டுலயும் அழுத்தத்துலயும் முகம், விளிம்பு, கைப்பிடி எல்லாத்தையும் ஒரே துண்டா அச்சுல எடுக்கிறது. கெட்டியா இருக்கும், பவர் கூடும். உங்களுக்குத் தேவை அது இல்ல. சரியாச் செய்யாததுல உள்ளே தேன்கூட்டு அறைகள் நசுங்கிடும், முகமும் கோரை விட்டுப் பிரியும். பிரிஞ்ச பேடில் பந்தை டிராம்போலின் மாதிரி எறியும், போட்டியில அனுமதி கிடையாது.

வாங்கும்போது விரல் முட்டியால முகம் முழுக்கத் தட்டிக்கிட்டே வாங்க, ரெண்டு பக்கமும். ஓரத்துல சத்தம் கொஞ்சம் மாறறது இயல்பு. நடுவுல ஒரு இடம் மட்டும் மொத்துன்னு கேட்டாலோ, கட்டைவிரலால அழுத்தினா நறநறன்னு வந்தாலோ வேற பேடில் கேளுங்க. கழுத்துப் பகுதியை, அதாவது கைப்பிடி முகத்தோட சேர்ற இடத்தை, குறிப்பா அழுத்திப் பாருங்க. போட்டி ஆடற எண்ணம் இருந்தா ஸ்டிக்கரை நம்பாம, யுஎஸ்ஏ பிக்கிள்பால் இணையதளப் பட்டியல்ல அதே மாடல் பெயரும் அதே தடிமனும் இருக்கான்னு தேடுங்க.

மூணாவது_ஷாட்
ஃபைபர்கிளாஸை ஒரேயடியா ஒதுக்க வேண்டாம். உங்க வீட்டம்மாவுக்கு பந்து பேஸ்லைன் வரைக்கும் போகலன்னா, அவங்களுக்கு 16 மி.மீ. ஃபைபர்கிளாஸ், அகல வடிவம் நல்லாவே ஒத்துவரும். விலையும் குறைவு. ரெண்டு பேரும் ஒரே மாடல் வாங்கணும்னு இல்ல.

கோவை_டபுள்ஸ்
வாங்கின பிறகு ஓரத்துல பட்டுத் திரும்பறது குறையலன்னா, முகத்தோட இடப்பக்கமும் வலப்பக்கமும் விளிம்புல எடை கூட்டற டங்ஸ்டன் டேப் தலா 3 கிராம் ஒட்டுங்க. உச்சியில ஒட்டாதீங்க, பேடில் தலைகனமாயிடும். ரா கார்பன் முகத்துல பந்தோட பிளாஸ்டிக் படிஞ்சு அடைச்சுக்கும். அதுக்குன்னு விற்கிற ரப்பர் கட்டியால தேய்ச்சு, ஈரத் துணியால துடைச்சா போதும். உப்புத்தாள் போட்டா சொரசொரப்பே போயிடும். வெயில்ல நிக்கிற கார் டிக்கியில மட்டும் விட்டுடாதீங்க, சூட்டுல பசை இளகும்.