ஓசூரில் இத்தனை கம்பெனி வந்த பிறகும் இலவச அரிசி எதற்கு?

பாலக்கோட்டான்:

எங்கள் பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் இப்போது இதே பேச்சுதான். ஓசூர், சூளகிரி, பர்கூர் என்று கம்பெனி வந்துகொண்டே இருக்கிறது, விடிகாலை 5 மணிக்குக் கம்பெனி பஸ் ஊருக்குள்ளேயே வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகிறது, அப்புறம் எதற்கு இலவச அரிசி, மகளிர் உரிமைத் தொகை, பெண்களுக்கு இலவச பஸ், உழைக்கிறவன் வரியை எடுத்து உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கொடுக்கிறார்கள் என்று ஒரு கட்சி. நிலத்தையும் தண்ணீரையும் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு நமக்கு என்ன மிச்சம் என்று இன்னொரு கட்சி.

எங்கள் வீட்டு நிலைமையைச் சொல்கிறேன். 2 ஏக்கர் மானாவாரி, மழை பெய்தால் கேழ்வரகு, இல்லையென்றால் சும்மா கிடக்கும். அப்பா வருஷக்கணக்கில் பெங்களூரில் கட்டட வேலை பார்த்தவர். நான் டிப்ளமோ முடித்து ஓசூரில் காண்ட்ராக்டில் இருக்கிறேன், மொத்தச் சம்பளம் 16,000. தங்கையும் ஒரு கம்பெனி ஹாஸ்டலில் தங்கி வேலைக்குப் போகிறாள். வீட்டில் முன்னைவிடப் பணம் புழங்குகிறது, அதை மறுக்க முடியாது. ஆனால் போன வருஷம் ஆர்டர் குறைந்துவிட்டது என்று எங்கள் லைனில் பாதிப் பேரை ஒரே வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். திரும்பக் கூப்பிடும் வரை வீடு ஓடியது ரேஷன் அரிசியில்தான். அதனால் அரிசி எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது, பதில் சொல்லத் தெரியவில்லை. இங்கிலாந்து, ஜெர்மனி போன்ற நாடுகள் நமக்கு எத்தனையோ வருஷம் முன்பே இதையெல்லாம் பார்த்திருக்குமே, அவர்கள் என்ன செய்தார்கள்?

தேன்கனிக்கோட்டை ஆசிரியர்:

தம்பி, நீ கேட்டதற்குப் பதில் உன் வீட்டுக் கதையிலேயே இருக்கிறது. நிலம் வைத்திருப்பவனுக்கு ஒரு போகம் போனாலும் குதிரில் கொஞ்சம் தானியமும் தொழுவத்தில் ஒரு மாடும் இருக்கும். மில்லுக்கு வந்தவனுக்குக் கூலியைத் தவிர வேறு எதுவும் கிடையாது. காய்ச்சல் வந்தாலும், மெஷினில் கை போனாலும், வயதானாலும், ஆர்டர் நின்றாலும் அன்றோடு வருமானம் நின்றுவிடும். தொழில்மயமாதல் கொண்டுவந்ததில் இன்றுவரை போகாத விளைவு இதுதான். புகையும் நெரிசலும் இதற்கு அப்புறம்தான்.

இங்கிலாந்து இதை முதலில் மிக மோசமாகக் கையாண்டது. பஞ்சாலைகளில் 9 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைக்கக்கூடாது என்று 1833இல் சட்டம் போட வேண்டியிருந்தது என்றால் அதற்கு முன்பு என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார். மறு வருஷமே வந்த ஏழைகள் சட்டம், உதவி வேண்டுமென்றால் வேலை இல்லத்துக்குள் வந்து அடைபட்டுக் கிட என்றது. கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம். உதவி வாங்குவதே அவமானமாக இருந்தால்தான் மக்கள் சோம்பேறி ஆகமாட்டார்கள் என்பது அன்றைய வாதம். உன் டீக்கடையில் பேசுகிற வாதத்துக்கு வயது இரு நூறை நெருங்குகிறது.

ஜெர்மனியில் ஆட்சித் தலைவராக இருந்த பிஸ்மார்க் செய்ததைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அவர் சோசலிஸ்டுகளை அடியோடு வெறுத்தவர், 1878இல் அவர்களை ஒடுக்கச் சட்டமே கொண்டுவந்தார். அதே ஆள்தான் 1883இல் நோய்க் காப்பீடு, 1884இல் விபத்துக் காப்பீடு, 1889இல் முதியோர் ஓய்வூதியம் என்று வரிசையாகக் கொடுத்தார். தொழிலாளி எதிர்ப்பக்கம் போய்விடக்கூடாது என்ற கணக்கு அது. ஆக, நலத்திட்டம் வந்தால் முதலாளித்துவம் அழிந்துவிடும் என்பதற்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை. முதலாளித்துவத்தைக் காப்பாற்ற நினைத்தவர்களே நலத்திட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறார்கள். பிரிட்டனும் 1942இல் எல்லோருக்கும் சமூகக் காப்பீடு வேண்டும் என்ற பெவரிட்ஜ் அறிக்கை, 1948 ஜூலையில் எல்லோருக்கும் இலவச மருத்துவம் என்று கடைசியில் அந்த வழிக்குத்தான் வந்தது.

நம் ஊரிலும் யாரும் சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை. 1918இல் பெரம்பூர் மில் தொழிலாளிகளுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது சங்கம் வைப்பதற்கே சட்டப் பாதுகாப்பு கிடையாது. சங்கத் தலைவர்கள் மீது நிர்வாகம் வழக்குப் போட்டது. தொழிற்சங்கச் சட்டம் 1926இல்தான் வந்தது, தொழிற்சாலைச் சட்டமும், ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டுச் சட்டமும் 1948இல்.

ஓசூர் லேத்:

நான் 12 பேரை வைத்து ஒரு சின்ன யூனிட் நடத்துகிறேன். சார் சொன்ன வரலாறு சரி, ஆனால் அந்தச் செலவை யார் தலையில் வைப்பது என்பதுதான் என் கேள்வி. 10 பேர் ஆனால் ஈ.எஸ்.ஐ., 20 பேர் ஆனால் பி.எஃப். இதனாலேயே 19இல் நிறுத்திக்கொள்கிறவர்கள் இங்கே உண்டு, இன்னும் சிலர் ஆளையே கணக்கில் காட்டுவதில்லை. அது தப்புதான், நான் செய்வதில்லை. ஆனால் சரக்கு எடுத்தவர் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று சிறு தொழில்களுக்கான 2006ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது, எனக்கு வருவதோ நாலு மாதம் கழித்து. கறாராகக் கேட்டால் அடுத்த ஆர்டர் பக்கத்து ஷெட்டுக்குப் போய்விடும்.

டென்மார்க்கில் ஆளை நிறுத்துவது முதலாளிக்குச் சுலபம். ஆனால் காப்பீட்டில் சேர்ந்திருக்கிறவனுக்கு 2 வருஷம் வரை உதவித்தொகை உண்டு, அதோடு புது வேலைக்குப் பயிற்சியும் தருகிறார்கள். அதற்கு அவர்கள் கட்டுகிற வரியும் கொஞ்சநஞ்சமல்ல, நாட்டு வருமானத்தில் 40 சதவீதத்துக்கு மேல் வரியாகவே போகிறது. நம்மிடம் நிறுத்துவது மட்டும் இருக்கிறது, மீதி இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ரேஷன் அரிசியும் அரசுப் பள்ளியில் காலை உணவும் அரசு ஆஸ்பத்திரியும் இல்லையென்றால் நான் கொடுக்கிற சம்பளத்தில் என் ஆட்கள் ஓசூர் வாடகையைக் கட்டி ஒரு மாதம்கூட இருக்க முடியாது. அந்த அரிசி தொழிலாளிக்குப் போகிற மானியம் மட்டும் இல்லை, எனக்கும் பெரிய கம்பெனிக்கும் சேர்த்துத்தான் வருகிறது. இதை முதலாளிகள் கூட்டத்தில் யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை.

கெலவரப்பள்ளி விவசாயி:

எல்லோரும் சம்பளத்தையே பேசுகிறீர்கள். பெங்களூர்க் கழிவு தென்பெண்ணையில் வந்து எங்கள் அணையில் மதகு திறக்கும்போதெல்லாம் ஆளுயர நுரை பொங்குகிறது, காற்றடித்தால் பறந்து வந்து பயிரில் ஒட்டுகிறது. கம்பெனி லாபக் கணக்கிலும் இது வராது, அரசு நலத்திட்டக் கணக்கிலும் வராது. லண்டனில் 1858 கோடையில் தேம்ஸ் நாற்றம் தாங்காமல் பார்லிமென்ட்டே தவித்தது, உடனே பணம் ஒதுக்கிப் பெரிய சாக்கடைகள் கட்டினார்கள். இங்கே நாற்றம் சட்டசபை வரைக்கும் போகவில்லை. ஆற்றைச் சுத்தம் செய்வதையும் நலத்திட்டத்தில் சேருங்கள்.

பர்கூர் அக்கா:

லேத் அண்ணா சொன்னதில் பாதி ஒத்துக்கொள்கிறேன். சின்ன யூனிட் கஷ்டம் வேறு, ஆயிரக்கணக்கில் ஆள் வைத்துக்கொண்டு காண்ட்ராக்டர் பெயரில் ஒளிந்துகொள்வது வேறு. காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புதிதாகச் சேர்ந்த ஆள் என்று எழுதுவார்கள், ஆனால் நிற்கிற மெஷின் அதேதான். 5 வருஷத் தொடர் வேலை இருந்தால் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது மொத்தமாகத் தருகிற பணம் உண்டு என்று 1972 சட்டம் சொன்னது, அந்தத் தொடர்ச்சியே இல்லாமல் போய்விடுகிறது.

12 மணி நேர வேலைக்கு வழி விடுகிற திருத்தம் 2023 ஏப்ரலில் சட்டசபையில் நிறைவேறியது, எல்லாச் சங்கங்களும் எதிர்த்ததால் மே தினத்தன்று வாபஸ் என்று முதல்வர் அறிவித்தார். 10 மணி நேரச் சட்டத்துக்காக இங்கிலாந்து பெண்கள் 1847 வரை காத்திருந்த கதையை நாம் இப்போதும் நடத்திக்கொண்டிருக்கிறோம். 8 மணி நேரம் நின்றுவிட்டு ஹாஸ்டல் படி ஏறும்போதே கால் எப்படி இருக்கும் என்று உன் தங்கையைக் கேட்டுப் பார் தம்பி.

பாலக்கோட்டான்:

ரொம்ப நன்றி. அக்கா, என் சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. 120 ரூபாய் பிடிக்கிறார்கள். நிறுத்தியபோது அதிலிருந்து ஏதாவது கிடைத்திருக்குமா?

பர்கூர் அக்கா:

உன்னிடம் 0.75 சதவீதம், அதுதான் 120. முதலாளி பங்கு 3.25, அதாவது 520. உடம்பு சரியில்லாமல் லீவு போட்டால் வருஷத்துக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் இதிலிருந்துதான் வரும், நிறையப் பேர் கேட்பதே இல்லை. தங்கையிடமும் சொல். வேலை போனால் 90 நாள் வரை பாதிச் சம்பளம் தருகிற அடல் திட்டம் ஒன்றை 2018இல் தொடங்கினார்கள், அவ்வப்போது நீட்டிக்கிற திட்டம் என்பதால் ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் நேரில் போய்க் கேள். போவதற்கு முன்னால் உன் ஈ.எஸ்.ஐ. நம்பரைப் போட்டு இணையத்தில் பார், பிடித்த பணத்தைக் காண்ட்ராக்டர் உண்மையிலேயே கட்டியிருக்கிறாரா என்று. கட்டவில்லை என்றால் கம்பெனியே பொறுப்பு, சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. மாதா மாதம் சம்பளச் சீட்டைப் போட்டோ எடுத்து வை.