27ஆவது வாரம், சர்க்கரை 158: மாமியார் தரும் பொடியைச் சாப்பிடலாமா?

கேட்பவர்: தலைப்பிள்ளைக்காரி

போன செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். 158 வந்தது. 140-ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரைதானாம். இரண்டு வாரம் சாப்பாட்டைச் சரிசெய்து பார்ப்போம், குறையாவிட்டால் மருந்து என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அதைக் கேட்டதுமே அத்தை நாட்டு மருந்துக் கடைக்குப் போய் சிறுகுறிஞ்சான், நாவல்கொட்டை, ஆவாரம்பூ சேர்த்த பொடி வாங்கி வந்துவிட்டார். மாமாவுக்கு அதில்தான் சர்க்கரை இறங்கியதாம். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, பாகற்காயை அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து டம்ளரில் தருகிறார். இரண்டு நாள் குடித்துவிட்டேன். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது இதெல்லாம் சரியா? அவர் முகத்தைப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

பதில் 1: வெந்தயக்கீரை

நான் வெந்தயம் ஊறவைத்த தண்ணீர் குடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் குடித்தேன். நீங்களும் கேட்டுவிடுங்கள்.

பதில் 2: இரண்டு பிள்ளைகளின் அம்மா

தங்கச்சி, அந்த ஜூஸை நாளையிலிருந்து நிறுத்திவிடு. பொடியைத் தொடாதே. குடித்த இரண்டு நாளுக்காகப் பயந்து அழாதே, அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் மறைக்காமல் சொல்.

என் இரண்டாவது பிள்ளைக்கு எனக்கும் இதேதான். நானும் ஒரு பொடியைப் பத்து நாள் வெந்நீரில் கலக்கிக் குடித்தேன். குறைந்திருக்கும் என்ற நம்பிக்கையில் அந்தப் பத்து நாளும் சர்க்கரையைப் பார்க்கவே இல்லை. பிறகு பார்த்தால், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 176. அந்தப் பத்து நாளும் என் ரத்தத்திலிருந்த கூடுதல் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய்க்கொண்டேதான் இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் மனசு பதறுகிறது.

எனக்கு இன்சுலின் போட்டார்கள். ஊசி என்றதும் நடுங்கினேன். ஆனால் இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையிடம் போகாது என்று டாக்டர் விளக்கிய பிறகு பயம் போய்விட்டது. சிறுகுறிஞ்சானுக்கோ நாவல்கொட்டைக்கோ கர்ப்பிணிகளிடம் அப்படி நம்பிச் சொல்லும் அளவுக்கு ஆய்வு கிடையாது. மாமாவுக்கு இறங்கியிருக்கலாம், ஆனால் மாமா வயிற்றில் பிள்ளை இல்லையே! பாகற்காயைப் பொரியலாக, விதையை எடுத்துவிட்டுச் சாப்பிடு. பிழிந்த சாறு வேறு விஷயம், அது வேண்டாம். கற்றாழைச் சாறும் குடிக்கவே கூடாது. வெந்தயம் சமையலில் தாளிக்கிற அளவோடு போதும்.

எனக்குக் கைகொடுத்தது சாப்பாடுதான். கேழ்வரகு நல்லது என்று காலையில் கூழாகக் குடித்தேன், 151 காட்டியது. அதே கேழ்வரகை முருங்கைக்கீரை போட்டு இரண்டு அடையாகத் தட்டி, கூடவே ஒரு முட்டை சாப்பிட்ட அன்று 118. கூழ் மளமளவென்று ரத்தத்தில் ஏறிவிடுகிறது. நான்கு இட்லியை இரண்டாக்கி, கூட ஒரு கிண்ணம் சுண்டல் வைத்துக்கொள். சாப்பிட்டதும் படுக்காமல் வாசலிலேயே கால் மணி நேரம் நட, டாக்டர் நடக்கக் கூடாது என்று சொல்லாதவரை. வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குள் இருக்க வேண்டும் என்றார்கள் எனக்கு. பட்டினி மட்டும் கிடக்காதே.

அப்புறம் அத்தை. அவரை நீ எதிர்த்துப் பேச வேண்டாம். அடுத்த முறை கூடவே அழைத்துப் போ, டாக்டர் வாயால் கேட்கட்டும். அந்த ஐந்து மணி எழுச்சியை அடை தட்டுவதற்குத் திருப்பிவிடு. பிள்ளை பிறந்து ஆறு வாரத்தில் மறுபடி ஒரு சோதனை இருக்கிறது, அதை விட்டுவிடாதே. நான் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

தலைப்பிள்ளைக்காரி

அக்கா, இன்று அத்தையையும் அழைத்துப் போனேன். பொடிப் பொட்டலத்தை டாக்டரிடமே நீட்டினார். அவர் பிரித்து முகர்ந்து பார்த்து, "பேறுகாலம் முடியும் வரை இது வேண்டாம்மா" என்று பொறுமையாகச் சொன்னார். அத்தை வழியெல்லாம் பேசவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் முறத்தை எடுத்து முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்துவிட்டார். மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தோம், 124. இன்னும் நான்கு குறைய வேண்டும்.