அடிப்போஜெனிசிஸ்: கொழுப்பாக்கமா, கொழுப்புச்செல்லாக்கமா?

அனுப்புநர்: சூரமங்கலம் (தொகுப்பு)

வணக்கம். வெண்பன்றி வளர்ப்புக் கையேட்டின் மரபியல் அத்தியாயம் மெய்ப்புக்கு வந்திருக்கிறது. "கொழுப்பாக்கம்" என்ற சொல் அதில் மூன்று பொருளில் கிடக்கிறது. 4ஆம் பக்கத்தில் அடிப்போஜெனிசிஸ் (கொழுப்புச் செல் உருவாவது), 6ஆம் பக்கத்தில் லிப்போஜெனிசிஸ் (உடல் கொழுப்பைத் தொகுப்பது), 9ஆம் பக்கத்தில் பன்றியைக் கொழுக்க வைப்பது. "மாவுத்தீவனம் கொழுப்பாக்கத்தைக் கூட்டும், ஆனால் கொழுப்பாக்கம் பெரும்பாலும் குட்டிப் பருவத்திலேயே நடந்துவிடும்" என்று ஒரு வாக்கியம். படிக்கிறவருக்குத் தலை சுற்றும். முதலாவதற்குத் தனிச்சொல் வேண்டும். மற்ற இரண்டும் பிறகு தாமாக ஒழுங்குக்கு வரும் என்று நினைக்கிறேன்.

---

அனுப்புநர்: தலைவாசல் (கால்நடை மரபியல்)

அந்த வாக்கியத்தில் தகவல் சரிதான், சொல்தான் பிழை. பானை வனைவதும் பானையை நிரப்புவதும் ஒன்றல்ல. அடிப்போஜெனிசிஸ் வனைவது: எதுவாகவும் ஆகக்கூடிய மூலச்செல் முதலில் கொழுப்பு வழிக்கென ஒதுக்கப்படுகிறது, பிறகு வேறுபாடடைந்து கொழுப்பு சேர்க்கும் செல்லாகிறது. லிப்போஜெனிசிஸ் நிரப்புவது: குளுக்கோஸிலிருந்து கொழுப்பமிலம் தொகுத்து அந்தச் செல்லுக்குள் வைப்பது.

பன்றியில் இந்த வேறுபாடு மற்ற விலங்குகளைவிட முக்கியம். கோழியில் கொழுப்பமிலத் தொகுப்பு ஈரலில் நடக்கிறது. பன்றியில் கொழுப்புத் திசுவே தொழிற்கூடமும் கிடங்கும். இரண்டு நிகழ்வும் ஒரே இடத்தில் நடப்பதால், சொல்லும் ஒன்றாக இருந்தால் எதைப் பேசுகிறோம் என்று பிரிக்க வழியே இல்லை.

சேலத்து எடுத்துக்காட்டு ஒன்று. ஜவ்வரிசி ஆலைத் திப்பியை, அதாவது மாவு பிழிந்த மரவள்ளிச் சக்கையை, காயவைத்துத் தீவனத்தில் கலப்பது இங்கே வழக்கம். திப்பியில் மாவுச்சத்து நிறைய, புரதம் மிகக் குறைவு. பிண்ணாக்கோ சோயாவோ சேர்த்து லைசின் என்ற அமினோ அமிலத்தை ஈடுகட்டாமல் திப்பியை ஏற்றினால் தசை வளராது. மிஞ்சிய குளுக்கோஸ் முதுகுக் கொழுப்பாகப் போய்ச் சேரும். 60 கிலோவைத் தாண்டிய பன்றியில் இப்படிக் கூடுவது பெரும்பாலும் செல்லின் பருமன், எண்ணிக்கை அல்ல. எண்ணிக்கைக்கு அடிக்கால் இடுவது குட்டிப் பருவம். பிறக்கும்போது குட்டியின் உடலில் கொழுப்பு 1–2 சதவீதம்தான். பால்மறக்கும் வேளையில் அது 10 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

ஆகவே புதுச்சொல்லில் "செல்" என்ற கருத்து இருந்தே ஆக வேண்டும். அது இல்லாத எந்தச் சொல்லுக்கும் என் வாக்கு இல்லை.

---

அனுப்புநர்: ஆத்தூர் (தமிழ்)

> புதுச்சொல்லில் "செல்" என்ற கருத்து இருந்தே ஆக வேண்டும்

ஏற்கிறேன் அம்மா. ஆனால் அதற்கு முன் "கொழுப்பு" என்ற பாதியைப் பார்ப்போம். இந்த ஒரு சொல் பொருளையும் குறிக்கிறது, திசுவையும் குறிக்கிறது, "உனக்கு ரொம்பத்தான் கொழுப்பு" என்று திமிரையும் குறிக்கிறது. சித்த மருத்துவத்தின் ஏழு உடற்கட்டுகளில் சாரம், செந்நீர், ஊன் இவற்றுக்கு அடுத்து நான்காவதாக வருவதும் இதே கொழுப்புதான். அங்கே அது திசு.

சங்கப் பாடல்களில் ஊனோடு ஒட்டிய கொழுப்புக்கு நிணம் என்று பெயர். வேட்டையாடிய பன்றியின் தசையைச் சொல்லுமிடங்களில் நிணமும் கூடவே வரும். ஆகவே வேதிப்பொருளுக்குக் கொழுப்பு, திசுவுக்கு நிணம் என்று பிரித்துக்கொண்டால் என்ன? அடிப்போசைட் (கொழுப்புச் செல்) நிணச்செல், அடிப்போஜெனிசிஸ் நிணச்செல்லாக்கம், லிப்போஜெனிசிஸ் கொழுப்பாக்கம். குறுகிய சொல், பழைய சொல், ஒலியும் நன்று.

---

அனுப்புநர்: ஏற்காடு (ஆய்வக முறைகள்)

ஐயா, ஒலி நன்றுதான். ஆய்வகத்தில் இடிக்கும். பள்ளிப் பாடநூலில் லிம்ஃபுக்கு நிணநீர், லிம்ஃப் நோடுக்கு நிணநீர் முடிச்சு. நிணச்செல் என்றால் மாணவர் லிம்ஃபோசைட் என்ற வெள்ளணு என்றே படிப்பார்.

இது வெறும் சொல் மோதல் அல்ல. கொழுப்புத் திசுவிலிருந்து முன்னோடிச் செல் பிரிக்கும் முறையின் முதல் படியிலேயே இரண்டும் நேருக்கு நேர் வருகின்றன. 3 முதல் 7 நாள் குட்டியின் கழுத்து, முதுகுப் பகுதித் தோலடிக் கொழுப்பை எடுக்கிறோம். கழுத்திலும் தொடை மடிப்பிலும் கொழுப்புக்குள் நிணநீர் முடிச்சு புதைந்திருக்கும். அதைப் பார்த்து நீக்காமல் நறுக்கினால் வளர்ப்புத் தட்டில் வெள்ளணுக்கள் நிறைந்துவிடும். இப்போது உங்கள் சொற்களில் எழுதிப் பாருங்கள்: "நிணத்திலிருந்து நிண முடிச்சை நீக்கியபின் நிணச்செல் முன்னோடிகளைப் பிரிக்கவும்." யாராவது முடிச்சை வைத்துக்கொண்டு கொழுப்பை எறிந்துவிடுவார்.

முறையின் மீதியையும் தருகிறேன். எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும் இதில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். திசுவை 1 மில்லிமீட்டர் துண்டுகளாகக் கத்தரித்து, மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் கொலாஜினேஸ் (திசுவைக் கரைத்துச் செல்லைப் பிரிக்கும் நொதி) கொண்ட கரைசலில், 37 டிகிரியில், குலுக்கியபடி சுமார் 60 நிமிடம். நேரம் மிஞ்சினால் செல் சவ்வு கிழியும், குறைந்தால் விளைச்சல் இராது. சல்லடையில் வடித்து, மையவிலக்கில் சுற்றினால் இரண்டாகப் பிரியும்: கொழுப்பு நிறைந்த முதிர்செல் மேலே மிதக்கும், முன்னோடிச் செல் அடியில் படியும். நமக்கு வேண்டியது அடியில் இருப்பது. மேலே மிதப்பதைப் பார்த்து "இதுதானே கொழுப்புச் செல்" என்று எடுத்துவிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை.

தட்டு முழுக்கச் செல் பரவி, அதன்பின் இரண்டு நாள் விட்டு, டெக்ஸாமெத்தசோன் 1 மைக்ரோமோலார், ஐ.பி.எம்.எக்ஸ். 0.5 மில்லிமோலார், இன்சுலின் மில்லிலிட்டருக்கு 5–10 மைக்ரோகிராம் கொண்ட தூண்டு கரைசல் இரண்டு நாள். பிறகு இன்சுலின் மட்டும். 8ஆம் நாள் வாக்கில் செல்லுக்குள் கொழுப்புத் துளிகள் தெரியும். தட்டு நிரம்புமுன் தூண்டினால் செல் பெருகிக்கொண்டே இருக்கும், வேறுபாடடையாது. பல தலைமுறை மாற்றி நட்ட செல்லும் அப்படித்தான், கொழுப்பு வழிக்குப் போகும் திறனை இழந்துவிடும்.

கடைசிப் படிதான் நம் விவாதத்துக்கு நேரடியாகப் பொருந்துவது. ஆயில் ரெட் ஓ, கொழுப்பைச் சிவப்பாகக் காட்டும் சாயம். ஐசோபுரோப்பனாலில் கரைத்த இருப்புக் கரைசல் 3 பங்கு, தண்ணீர் 2 பங்கு, பத்து நிமிடம் நிறுத்தி வடிகட்டி உடனே பயன்படுத்த வேண்டும். ஆறப்போட்டால் சாயம் படிகமாகிச் செம்புள்ளியாக ஒட்டும், அதையும் கொழுப்புத் துளி என்று எண்ணிவிடுவார்கள். சாயத்தை ஐசோபுரோப்பனாலில் மீட்டு 510 நானோமீட்டரில் அளப்பது வழக்கம். அந்த எண் காட்டுவது எவ்வளவு கொழுப்பு நிரம்பியிருக்கிறது என்பதை. எத்தனை செல் கொழுப்புச் செல்லாக மாறியது என்பதை அல்ல. சில செல்கள் மட்டும் மாறி நிறைய நிரம்பினாலும் அதே எண் வரும். எத்தனை செல் மாறியது என்று அறியப் பி.பி.ஏ.ஆர்.காமா, எஃப்.ஏ.பி.பி.4 போன்ற அடையாள மரபணுக்களின் வெளிப்பாட்டையும் பார்க்க வேண்டும். தலைவாசல் அம்மா சொன்ன வனைதலும் நிரப்பலும் இங்கே இரண்டு தனிச் சோதனைகளாகவே பிரிந்து நிற்கின்றன.

---

அனுப்புநர்: சூரமங்கலம் (தொகுப்பு)

நிணம் போயிற்று என்று வைத்துக்கொள்கிறேன். மிஞ்சுவது "கொழுப்பணுவாக்கம்", "கொழுப்புச்செல்லாக்கம்" இரண்டும்.

-அணு என்று முடிப்பது அழகுதான். விந்தணு, நரம்பணு, வெள்ளணு, குருத்தணு எல்லாம் செல்கள். ஆனால் மரபணு செல் அல்ல. "கொழுப்பணு மரபணுக்கள்" என்று துணைத்தலைப்பு வைத்தால் ஒரே தொடரில் அணு இரண்டு பொருளில் நிற்கும். இந்த அத்தியாயத்தில் ஒவ்வொரு பக்கத்திலும் அப்படி நிற்கும். ஆகவே செல். இலங்கை வாசகருக்காகக் கலம், இழையம் என்ற சொற்களைச் சொல்லடைவில் மட்டும் காட்டலாம். அங்கே கொழுப்பிழையம் என்றால் உடனே புரியும்.

முன்னோடிச் செல்லுக்கு "இளங்கொழுப்புச்செல்" என்று ஒருவர் தனி அஞ்சலில் கேட்டிருந்தார். வேண்டாம். அது இளைய கொழுப்புச் செல் அல்ல, இன்னும் கொழுப்புச் செல் ஆகாதது. "கொழுப்புச்செல் முன்னோடி" என்று இரு சொல்லாகவே இருக்கட்டும்.

---

அனுப்புநர்: தலைவாசல் (கால்நடை மரபியல்)

> "கொழுப்பணு மரபணுக்கள்" என்று துணைத்தலைப்பு வைத்தால்

அந்தத் துணைத்தலைப்பே தவறு. அட்டவணையில் இருக்கும் மரபணுக்களில் பாதிக்குக் கொழுப்புச்செல்லாக்கத்தோடு நேர்த்தொடர்பு கிடையாது.

செல்லுக்குள் நின்று வேலை செய்பவை: தூண்டியவுடன் எழும் சி/இ.பி.பி. பீட்டா, டெல்டா, அவை எழுப்பும் பி.பி.ஏ.ஆர்.காமா, சி/இ.பி.பி. ஆல்ஃபா. கடைசி இரண்டும் ஒன்றையொன்று தாங்கிப்பிடிக்கும். இவற்றின்கீழ் மட்டும் கொழுப்புச்செல்லாக்கம் என்று எழுதுங்கள்.

எம்.சி.4.ஆர். மூளையில் பசியைக் கட்டுப்படுத்தும் ஏற்பி. 298ஆம் இடத்தில் ஆஸ்பார்ட்டிக் அமிலத்துக்குப் பதில் ஆஸ்பரஜின் வரும் பன்றி கூடுதலாகத் தின்னும், விரைவாக வளரும், கூடவே கொழுக்கும். அது பானை வனைவதில்லை, பானைக்கு நீர் கொண்டுவருகிறது.

ஐ.ஜி.எஃப்.2 என்ற வளர்ச்சிக் காரணியின் மரபணு இன்னும் தந்திரமானது. 2003இல் கண்டுபிடித்த மாற்றம், மூன்றாம் இன்ட்ரானில் (புரதக் குறியீடு இல்லாத இடைப்பகுதி) 3072ஆம் இடத்தில் ஜி என்ற டி.என்.ஏ. எழுத்து போய் ஏ வந்தது. ஒடுக்கும் புரதமான இசட்-பெட்-6 அங்கே ஒட்டாமல் போவதால் தசையில் ஐ.ஜி.எஃப்.2 கூடுகிறது. தசை மிகுகிறது, முதுகுக் கொழுப்பு குறைகிறது. இது தந்தைவழி வந்த பிரதியிலிருந்து மட்டுமே வெளிப்படும். ஆகவே பண்ணைக்காரர் கிடாவின் (ஆண் பன்றியின்) மரபணு வகையைப் பார்த்தால் போதும். ஏ-ஏ கிடாவைச் சேர்த்தால் தாய் எதுவானாலும் குட்டிகள் எல்லாம் பலன் பெறும். தாய்ப்பன்றிக்குச் சோதனைச் செலவு செய்ய வேண்டாம். "பெற்றோர்வழி முத்திரை" என்ற சொல் இந்த இடத்துக்கு நன்றாகப் பொருந்தியிருக்கிறது, அதை மாற்றாதீர்கள்.

ஒரு பொருட்பிழையும் இருக்கிறது. 11ஆம் பக்கத்தில் "குட்டியின் பழுப்புக் கொழுப்பு வெப்பம் தரும்" என்று உள்ளது. மனிதக் குழந்தையைப் பற்றிய நூலிலிருந்து வந்திருக்கும். பன்றிக்குப் பழுப்புக் கொழுப்பு இல்லை. வெப்பம் தரும் யு.சி.பி.1 மரபணு பன்றியின் மூதாதையரிலேயே, சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன், 3 முதல் 5 வரையான எக்ஸான்களை (புரதக் குறியீட்டுப் பகுதிகளை) இழந்துவிட்டது. குட்டி நடுங்கித்தான் சூடேற வேண்டும். 2017இல் சீன ஆய்வாளர்கள் இந்த மரபணுவைத் திரும்பச் சேர்த்த பன்றிகள் குளிரைத் தாங்கின, கொழுப்பும் குறைந்தது. ஏற்காட்டு மார்கழி இரவில் அந்த 11ஆம் பக்கத்தை நம்பி வெப்ப விளக்கில்லாமல் விட்டால் காலையில் குட்டி இருக்காது. குட்டி ஒதுங்கும் இடத்தில் முதல் சில நாள் 32–34 டிகிரி வேண்டும் என்று அந்த இடத்திலேயே எழுதுங்கள்.

---

அனுப்புநர்: ஆத்தூர் (தமிழ்)

முடிச்சுக்கு முன் நிணம் தோற்றது, ஒப்புக்கொள்கிறேன். புணர்ச்சி மட்டும்: கொழுப்பு + செல் + ஆக்கம், கொழுப்புச்செல்லாக்கம். வல்லினம் மிகும். லிப்போஜெனிசிஸுக்கு வெறும் கொழுப்பாக்கம் வேண்டாம், பழைய குழப்பம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "கொழுப்புத் தொகுப்பு" என்க. கொழுக்க வைப்பதற்குக் "கொழுக்கவைத்தல்" இருக்கவே இருக்கிறது, புதிதாக எதுவும் வேண்டாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். மார்பிளிங்குக்கு, அதாவது இறைச்சித் தசைக்குள் ஓடும் கொழுப்பு வரிக்கு, "நிணவரி" என்று வைக்கலாமா? அங்கே முடிச்சும் இல்லை, நீரும் இல்லை.

---

அனுப்புநர்: ஏற்காடு (ஆய்வக முறைகள்)

அதற்கு மறுப்பில்லை ஐயா, ஒரு நிபந்தனையோடு. நிணவரி என்பது வெட்டுமுகத்தில் கண்ணால் பார்த்து மதிப்பிடும் வெண்கோடு. ஈதரில் பிரித்து நிறுத்துச் சொல்லும் அளவுக்குத் "தசையுள் கொழுப்பு" என்றே இருக்கட்டும். யார்க்‌ஷயர், லேண்ட்ரேஸ் பன்றி இனங்களின் இறைச்சியில் அது பெரும்பாலும் 1–2 சதவீதம். வரி கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் அளவு உண்டு. டூராக் இனத்தில் இரண்டும் தெரியும்.

இப்போது கையேட்டில் இருக்கும் "தசையிடைக் கொழுப்பு" கூடாது. தசைக்கும் தசைக்கும் நடுவே இருப்பது தசையிடை. கசாப்புக்காரர் கத்தியால் சீவி எறிவது அது. மாதிரி எடுப்பவர் அதையும் சேர்த்து அரைத்துவிட்டால் 2 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் 6 என்று வரும். நெடுமுதுகுத் தசையின் நடுப்பகுதியிலிருந்து, சுற்றியுள்ள வெண்படலத்தையும் கொழுப்பையும் நீக்கிவிட்டு எடுக்கவும் என்று அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.