50 கிமீ ஃபைபரில் மட்டும் மதியம் பிழை விகிதம் 7% ஆகிறது: டிடெக்டரா, ஃபைபரா?

கீற்றொளி:
குவாண்டம் கீ பகிர்வுச் சோதனை (ஆலிஸ் மிக மங்கிய ஒளிப் பல்ஸ்களால் பாபுக்கு ரகசியச் சாவி அனுப்புவது). ஃபேஸ் என்கோடிங் பிபி84 நெறிமுறை, டீகாய் முறை (ஒட்டுக்கேட்பைக் கண்டறிய வேறு செறிவுள்ள பல்ஸும் கலப்பது). 1550 நானோமீட்டர் லேசர், 10 மெகாஹெர்ட்ஸ், பல்ஸ் அகலம் 100 பிகோசெகண்ட். சிக்னலில் சராசரி 0.5 ஃபோட்டான், டீகாயில் 0.1, அதோடு வேக்யூம். இரு முனையிலும் 1 நானோசெகண்ட் தாமத வித்தியாசமுள்ள மாக்-செண்டர் இன்டர்ஃபெரோமீட்டர் (ஒளியை இரு பாதையாகப் பிரித்து மறுபடி சேர்ப்பது). பாப் பக்கம் கேட் முறையில் (குறித்த நேரத்தில் மட்டும் திறக்கும்) இரண்டு ஏபிடி ஃபோட்டான் டிடெக்டர்: திறன் 20%, கேட் 1 நானோசெகண்ட், டெட் டைம் (கிளிக்குக்குப் பின் ஓய்வு) 10 மைக்ரோசெகண்ட். கிளாக் ஆலிஸிடமிருந்து கோஆக்ஸ் கேபிளில் போகிறது.

ஃபைபர் ஸ்பூல் 50 கிமீ. காலையில் பிழை விகிதம் 2.3%, மதியம் 7%, இரவில் மறுபடி இறங்கிவிடுகிறது. மதியம் சிஃப்டட் கீ (இருவரின் அளவீட்டுத் தேர்வும் ஒத்துப்போன பிட்கள்) வேகமும் பத்து சதவீதம் போலக் குறைகிறது. டார்க் கவுண்ட் (ஒளியே இல்லாமல் வரும் கிளிக்) ஏறுகிறதா?

இருட்டெண்ணி:
கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 50 கிமீக்கு 10 டிபி இழப்பு, பாப் பெட்டியில் 3 டிபி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரு இன்டர்ஃபெரோமீட்டரின் குட்டை, நீளப் பாதைகளால் பல்ஸ் பாப் பக்கம் மூன்று பீக்காக வரும்; நடு பீக்கில் பாதி ஃபோட்டான்தான் விழும். 0.5 × 0.1 × 0.5 × 0.5 × 0.2 = 0.0025. அதாவது 10,000 பல்ஸுக்கு 25 கிளிக். டார்க் கவுண்ட் ஒரு கேட்டுக்குப் பத்து லட்சத்தில் ஒன்று, இரண்டு டிடெக்டருக்கும் சேர்த்து இரண்டு. அதில் பாதிதான் பிழையாக வரும், ஆக 0.04%. அது பத்து மடங்கு ஏறினாலும் 7% வராது. ஆஃப்டர்பல்ஸ் (முந்தைய கிளிக்கின் எச்சமாக வரும் பொய்க் கிளிக்) என்றால் 5% ஆஃப்டர்பல்ஸுக்கு 2.5% பிழை, ஆனால் அது நேரம் பார்த்து வராது.

முதலில் ஸ்பூலைக் கழற்றி, 10 டிபி அட்டெனுவேட்டரை மாட்டி மதியத்தில் ஓட்டுங்கள். அந்த ஒரு சோதனையிலேயே பிரச்சினை எந்தப் பக்கம் என்று பாதி தெரிந்துவிடும்.

பட்டகம்:
இன்டர்ஃபெரோமீட்டரை ஸ்டைரோஃபோம் பெட்டிக்குள் வையுங்கள். 20 செமீ ஃபைபர் வித்தியாசத்துக்கு 1 டிகிரிக்கு ஒன்றரை ஃப்ரிஞ்ச் (குறுக்கீட்டின் ஒரு முழுச் சுழற்சி) நகரும். இரு முனை இன்டர்ஃபெரோமீட்டரும் சேர்ந்து நகராமல் ஒன்று மட்டும் 0.05 டிகிரி விலகினாலே 5% பிழை.

கீற்றொளி:
அட்டெனுவேட்டரோடு மதியமும் 2.3% தான். ஆக இன்டர்ஃபெரோமீட்டர் இல்லை, டிடெக்டரும் இல்லை.

நேரத்துளி:
கோஆக்ஸ் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் விஷயம். ஃபைபரில் தாமதம் ஒரு கிலோமீட்டருக்கு 1 டிகிரிக்குச் சுமார் 40 பிகோசெகண்ட் மாறும். 50 கிமீக்கு அது 2 நானோசெகண்ட். கோஆக்ஸ் அதில் எதையும் உணராது. அறை வெப்பம் 0.2 டிகிரி ஏறினாலே ஃபோட்டான் வரும் நேரம் 0.4 நானோசெகண்ட் தள்ளிப்போகும், கேட் மட்டும் பழைய இடத்திலேயே திறக்கும்.

அப்போது என்ன நடக்கிறது? பாப் பக்கம் மூன்று பீக். நடுவில் உள்ளதில்தான் குறுக்கீடு நடக்கிறது, இரு ஓரத்தில் உள்ளவற்றில் இல்லை. அங்கே வரும் கிளிக் பாதிக்குப் பாதி தவறு. நடு பீக்குக்கும் ஓர பீக்குக்கும் 1 நானோசெகண்ட்தான் இடைவெளி, கேட்டும் 1 நானோசெகண்ட். டிடெக்டர் ஜிட்டர் (கிளிக் நேரச் சிதறல்) 100 பிகோசெகண்ட் சிக்மா என்றால், 0.4 நகர்வில் நடு பீக்கில் 16% வெளியே போகும், ஓர பீக்கில் 16% உள்ளே வரும். ஓர பீக் நடு பீக்கில் பாதிதான், ஆக கூடுதல் பிழை 4.3% அளவு, எண்ணிக்கை 8% குறையும். உங்கள் எண்களோடு கிட்டத்தட்டப் பொருந்துகிறது.

உறுதிப்படுத்த: கேட்டை 50 பிகோசெகண்ட் படிகளில் 3 நானோசெகண்ட் முழுக்க நகர்த்தி, காலையிலும் மதியத்திலும் எண்ணிக்கை வரைபடம் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள்.

உடனடியாகச் செய்யக்கூடியது: டைம் டேகரில் (கிளிக் நேரம் பதியும் கருவி) நடு பீக்கைச் சுற்றியுள்ள 400 பிகோசெகண்டை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். கீ வேகத்தில் கொஞ்சம் போகும், ஆனால் ஓர பீக் அடைபடும். நகர்வு பெரிதானால் இது மட்டும் போதாது, கேட்டும் பின்தொடர வேண்டும்.

இருட்டெண்ணி:
பின்தொடரும்போது இரண்டு டிடெக்டரின் கேட்டையும் தனித்தனியாக உச்சத்துக்குச் சரிசெய்யாதீர்கள். அவற்றுக்கிடையே சில நூறு பிகோசெகண்ட் விலகல் வந்தால், ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஒன்றின் திறன் மற்றதைவிட அதிகமாகிவிடும். ஈவ் (ஒட்டுக்கேட்பவர்) தன் பல்ஸை அந்த நேரத்துக்குத் தள்ளி அனுப்பினால் பிட்டை ஊகிக்க முடியும். இரண்டும் சேர்ந்தே நகரட்டும். ஒன்று டெட் டைமில் இருக்கும்போது மற்றதன் கிளிக்கையும் கழித்துவிடுங்கள்.

நேரத்துளி:
நிரந்தரத் தீர்வு, கிளாக்கை அதே ஃபைபரில் வேறு அலைநீளத்தில் அனுப்புவது. 1310 எடுக்கத் தோன்றும்: ராமன் (கிளாக் ஒளி ஃபைபரில் சிதறி வேறு அலைநீளமாக மாறுவது) குறைவு. ஆனால் 1310க்கும் 1550க்கும் 50 கிமீயில் சுமார் 110 நானோசெகண்ட் விலகல் இருப்பதால், வரும் கொஞ்ச ராமனும் உங்கள் 100 நானோசெகண்ட் சுழற்சி முழுக்கப் பரவிவிடும். 1558 எடுத்தால் விலகல் 7 நானோசெகண்ட் அளவுதான். கிளாக் பல்ஸ் இரண்டு கேட்டுக்கு நடுவே விழும்படி 50 நானோசெகண்ட் தள்ளிவிட்டால் ராமனும் கேட்டுக்கு வெளியே போய்விடும்.

ஃபில்டரில் கஞ்சத்தனம் வேண்டாம். பாப் பக்கம் வரும் கிளாக் −20 டிபிஎம் என்றாலும் செகண்டுக்கு 80 லட்சம் கோடி ஃபோட்டான். தொடர்ச்சியான ஒளியாக இருந்தால் அதை டார்க் கவுண்ட் அளவுக்கு அடக்க 100 டிபி தடுப்பு தேவை. ஒரு டிடபிள்யூடிஎம் ஃபில்டர் (குறுகிய அலைநீளப் பட்டையை மட்டும் விடுவது) பக்கத்துச் சேனலை 30 டிபி அளவுதான் தடுக்கும், அதனால் தொடராகப் போடுங்கள். கிளாக் லேசரின் பின்னணி ஒளி 1550லும் இருக்கும். அதை ஆலிஸ் பக்கமே வெட்டிவிட வேண்டும், பாப் பக்கம் வந்தபின் பிரிக்கவே முடியாது.

குவாண்டம் லேசரை அணைத்து, கிளாக்கை மட்டும் ஓடவிட்டு எண்ணிக்கை பாருங்கள். டார்க் கவுண்ட் அளவிலேயே நின்றால் ஸ்பூலை மாட்டலாம்.