பொருள்: உச்சிக்கோணம் மாறாத அந்த வில்லுக்கு என்ன பெயர்?

காரைக்குடியிலிருந்து:

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு கோட்டுத்துண்டை அடிப்பக்கமாகக் கொண்டு, உச்சியை எங்கே வைத்தாலும் உச்சிக்கோணம் மாறாத வட்டவில்லுக்குத் தமிழ்ப்பெயர் தேடுகிறோம். கோவை நண்பர் முன்மொழிந்த ‘தகுவில்’ எனக்கு ஒப்பவில்லை. பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் இந்த வில்லுக்குத் ‘திறனுள்ள வில்’ என்ற பொருளில்தான் பெயர் இருக்கிறது. குறித்த கோணத்தைக் கொள்ள வல்லது என்று அவர்களுக்குப் பழகிவிட்டது. நம் பிள்ளைகளிடம் தகுவில் என்றால், எதற்குத் தகுதி என்று கேட்பார்கள்.

முதலில் பொருளைப் பிடிப்போம். அடிப்பக்கம் கச 6 செ.மீ., உச்சிக்கோணம் 40°, இருசமபக்க முக்கோணம் வேண்டும். கணக்கு இவ்வளவுதான் என்றால் வட்டமே தேவையில்லை. 180இல் 40 போக 140, அதில் பாதி 70. இரு முனைகளிலும் 70° வைத்துக் கோடிழுத்தால் வேலை முடிந்தது. கோணமானியைத் தொடக்கூடாது என்றாலும் வழி இருக்கிறது. அடிப்பக்கத்தை க முனைக்கு வெளியே நீட்டி, கொடுத்த கோணத்தை அங்கே பெயர்த்து வைத்து, மிச்சத்தைக் கவராயத்தால் இருசமமாக வெட்டினால் அடிக்கோணம் கிடைத்துவிடும்.

வில் தேவைப்படுவது அடுத்த படியில்தான். பத்தாம் வகுப்பில் அடிப்பக்கம், உச்சிக்கோணம் இவற்றோடு நடுக்கோட்டையோ குத்துக்கோட்டையோ கொடுத்து வரையச் சொல்கிறார்கள். முக்கோணம் இருசமபக்கமாக இருக்கவேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. க முனையில் அடிப்பக்கத்துக்குக் கீழே 40° சாய்த்து ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குக் க முனையிலேயே ஒரு செங்குத்து. அது அடிப்பக்கத்தின் மையக்குத்துக்கோட்டை வெட்டும் இடம் வட்டமையம். நம் அளவுக்கு ஆரம் ஏறத்தாழ 4.67 செ.மீ. அடிப்பக்கத்துக்கு மேலுள்ள வில்லில் உச்சியை எங்கே வைத்தாலும் கோணம் 40° தான். மையக்குத்துக்கோடு வில்லை வெட்டும் இடத்தில் வைத்தால் நம் இருசமபக்க முக்கோணம், உயரம் ஏறத்தாழ 8.24 செ.மீ. யூக்ளிட் தம் ‘எலிமென்ட்ஸ்’ தொகுப்பின் மூன்றாம் நூலில் 33ஆம் கூற்றில் செய்து காட்டுவதும் இந்த வில் வரைவதையே. இத்தனைக்கும் உதவுகிற வில்லைப் பெயர் சொல்லிக் கூப்பிட நமக்கு ஒரு சொல் இல்லை.

இங்கே ஒரு பட்டறையில், சன்னலின் மேல்வளைவுக்கு ஆசாரி பலகையில் கோடு போடும் விதம் இந்த விவாதத்துக்கு உதவும். வளைவின் இரு முனைகளிலும் ஆணி அடிக்கிறார். இரண்டு ரீப்பர் கட்டைகளை விரிகோணமாகச் சேர்த்து அறைந்து, கட்டைகள் ஆணிகளை உரசியபடியே இருக்குமாறு நகர்த்துகிறார். மூலையில் பிடித்த பென்சில் வட்டவில்லைப் போட்டுக்கொண்டே போகிறது. மூலை நகர்கிறது, கோணம் அசைவதில்லை. வட்டமையம் பட்டறைக்கு வெளியே தெருவில் போய் விழுந்தாலும் அவருக்குக் கவலையில்லை, மையத்தை அவர் தேடுவதே இல்லையே!

பெயரும் இந்த இயல்பையே சொல்ல வேண்டும். என் பரிந்துரை: மாறாக்கோண வில். மாறி, மாறிலி என்று ஏற்கெனவே புழங்கும் சொற்களோடு ஒரே வேரில் சேர்ந்துகொள்கிறது. ‘சமகோண வில்’ வேண்டாம், சமகோண முக்கோணத்தோடு குழம்பும்.

தேவகோட்டையிலிருந்து:

ஐயா, சொல் காதுக்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் இரண்டு நெருடல்கள். அதே வட்டத்தின் கீழ்வில்லிலும் கோணம் மாறுவதில்லை, அங்கே அது 140°. எந்த வில் என்பதைச் சொல் காட்டிக்கொடுக்கவில்லையே? அடுத்தது, பாடநூலில் ‘மாற்று வட்டத்துண்டு’ (தொடுகோட்டுக்கும் நாணுக்கும் இடைப்பட்ட கோணத்துக்கு, நாணின் மறுபக்கத்துத் துண்டு) இருக்கிறது. தேர்வறை அவசரத்தில் மாறாவும் மாற்றும் ஒன்றாகிவிடும், விடைத்தாள் திருத்தியவள் என்பதால் சொல்கிறேன். ‘ஒருகோண வில்’ என்று வைத்தால் என்ன?

காரைக்குடியிலிருந்து:

அம்மா, ஒருகோண வில்லை வேகமாகப் படித்தால் ‘ஒரு கோண வில்’ என்று பிரிந்து நிற்கும். கோணிப்போன வில் என்று வகுப்பே சிரிக்கும். மாற்று வட்டத்துண்டைப் பற்றி நீங்கள் சொன்னது உண்மைதான், ஆனாலும் ஒன்று துண்டு, மற்றது வில். பின்பாதி காப்பாற்றும் என்று நம்புகிறேன். 140° பற்றிய கேள்வி வலுவானது. அதனால் இந்தச் சொல்லைத் தனியாக விடாமல் அடிப்பக்கத்தையும் பாகையையும் எப்போதும் சேர்த்தே எழுதுவோம்: ‘கச மீது 40° மாறாக்கோண வில்’. கீழ்வில் 140° மாறாக்கோண வில் ஆகிவிடும். 90° என்றால் இரண்டுமே அரைவட்டம், அங்கே புதுப்பெயர் வேண்டியதில்லை.

ஈழத்து நண்பர்கள் முக்கோணத்தை முக்கோணி என்றும், இருசமவெட்டியை இருகூறாக்கி என்றும் எழுதுவார்கள். இந்தச் சொல்லில் அந்த இரண்டும் வராததால் இரு கரைக்கும் பொதுவாக இருக்கும்.

சோதனைக்கு ஒரு வினா: ‘கச = 6 செ.மீ. மீது 40° மாறாக்கோண வில் வரைந்து, உச்சியிலிருந்து வரும் நடுக்கோடு 7 செ.மீ. ஆகுமாறு முக்கோணம் அமைக்க.’ வகுப்பில் கொடுத்துப் பாருங்கள். எந்த வில் என்று பிள்ளைகள் தடுமாறினால் எழுதுங்கள், ஒருகோண வில்லை மறுபடி எடுத்துப் பேசுவோம்.