பழைய மர டெகாய் வாத்து: மேசனா, க்ரோவெல்லா?

கேள்வி: என்னிடம் ஒரு பழைய டெகாய் (வேட்டையில் நிஜ வாத்துகளை ஈர்க்க நீரில் மிதக்கவிடும் பொம்மை வாத்து) இருக்கிறது. அடியில் முத்திரை இல்லை. கண்ணாடிக் கண், கழுத்து மூட்டில் பட்டி உதிர்ந்திருக்கிறது. யார் செய்தது? பட்டி பூசி வர்ணம் அடிக்கலாமா?

பதில் 1: மேசன் என்றே தோன்றுகிறது. அமெரிக்காவின் டெட்ராய்டில் 1896 முதல் 1924 வரை இயங்கிய டெகாய் தொழிற்சாலை அது. உடலைக் கடைசலில் கடைந்து, தலையைத் தனியாகப் பொருத்தி, மூட்டைப் பட்டியால் மூடுவார்கள். மரம் காய்ந்து சுருங்க, பட்டி வெடித்து விழும். மார்பில் தூரிகை சுழன்ற தடம் தெரிகிறதா? அதுவும் மேசனின் அடையாளம். அவர்களின் உயர்தர வகையான 'பிரீமியர்' பெரும்பாலும் உள்ளே வெற்றிடமாக இருக்கும். விரலால் தட்டிப் பாருங்கள்.

பதில் 2: மாசசூசெட்ஸைச் சேர்ந்த டெகாய் செதுக்குக் கலைஞர் எல்மர் க்ரோவெல் (1862–1952) செய்தது என்றால் தலையின் பின்புறமும் மார்பும் அரத்தால் ராவியிருக்கும், பல உருப்படிகளில் அடியில் நீள்வட்டச் சூட்டுமுத்திரை. ஆனால் முத்திரையை மட்டும் நம்பாதீர்கள், போலி உண்டு.

பதில் 3: தயவுசெய்து வர்ணம் அடிக்காதீர்கள்! உரிந்திருந்தாலும் அசல் பூச்சில்தான் மதிப்பு. ஈரத்துணியும் வேண்டாம், மென்தூரிகையால் தூசி தட்டினால் போதும்.