பைதானில் ஐடி() தருவது உண்மையான முகவரியா?

பழைய_சி_காரன்:
பத்து வருடம் சி-யில் எழுதிவிட்டு இப்போதுதான் பைதான் பக்கம் வந்திருக்கிறேன். எதைப் பார்த்தாலும் மெமரியில் இதன் முகவரி என்ன என்று கேட்கும் வியாதி இன்னும் போகவில்லை. ஆப்ஜெக்டின் அடையாள எண்ணைத் தரும் ஐடி() கண்ணில் பட்டதும் குஷியாகி, ஒவ்வொரு லிஸ்டின் ஐடியையும் சாவியாக வைத்து, கணக்கிட்ட விடையை டிக்ஷனரியில் சேமித்தேன். நேற்று முழுக்கத் தப்புத் தப்பாக விடை. புது லிஸ்டைக் கொடுத்தால், எப்போதோ தூக்கிப்போட்ட லிஸ்டின் விடை வந்து நிற்கிறது. டெஸ்டில் 5, 10 என்று எண்களாகக் கொடுத்தபோது எல்லாம் ஒழுங்காகவே ஓடியது. அப்படியானால் ஐடி முகவரியே இல்லையா?

குப்பைவண்டி:
சி-பைதானில் (வழக்கமாக எல்லோரும் ஓட்டும் பைதான்) அது முகவரியேதான், வில்லங்கமும் அதுதான். ஆப்ஜெக்ட் உயிரோடு இருக்கும்வரை அந்த எண் வேறெதற்கும் கிடையாது. மொழி தரும் உறுதி அவ்வளவே. சி-யில் ஃப்ரீ செய்த, அதாவது விடுவித்த, இடத்தை அடுத்து மெமரி கேட்கும் மாலாக் எடுத்துக்கொள்ளுமே, அதே கதை. இங்கே ஆப்ஜெக்டைச் சுட்டும் ரெஃபரன்ஸ்களின் எண்ணிக்கை பூஜ்யமானதும் ஃப்ரீ தானாக நடந்துவிடுவதால் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஐடி([1]) == ஐடி([2]) என்று ஷெல்லில் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ட்ரூ வரும். முதல் லிஸ்ட் தன் எண்ணைச் சொல்லிவிட்டுச் சாகிறது, இரண்டாவது அதே இடத்தில் குடியேறுகிறது.

டிக்ஷனரியில் விடையோடு லிஸ்டையும் சேர்த்து வையுங்கள், இடம் காலியாகாது. மெமரி வீங்கும். நடுவில் லிஸ்டை மாற்றினால் விடை பழசாகிவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய_சி_காரன்:
ட்ரூ-தான் வந்தது! ஃப்ரீ செய்த இடத்தைத் தொடும் பாயின்டர்களைத் தேடியே பாதி ஆயுள் போனது, இங்கேயும் அதே குழியில் விழுந்திருக்கிறேன். சி-யாக இருந்தால் ஒரு கிராஷாவது ஆகித் தொலைத்திருக்கும். சரி, ஜாவா, கோ எல்லாம் எப்படி?

நகரும்_குவியல்:
ஜாவாவில் சாதாரண வழியில் முகவரி கைக்கு வராது. ஆப்ஜெக்டை அப்படியே பிரின்ட் செய்தால் @ குறிக்குப் பின்னால் வருவதை முகவரி என்று நானும் ரொம்ப நாள் நம்பினேன்; அது ஹேஷ்கோட், ஆப்ஜெக்டுக்கு ஜாவா தரும் ஓர் எண். வேண்டாத ஆப்ஜெக்டுகளை அகற்றும் கார்பேஜ் கலெக்டர் ஒரு ஆப்ஜெக்டை இடம் மாற்றினாலும் ஹேஷ்கோட் மாறாது, முகவரி மாறிவிடும்.

கோ உங்களுக்குப் பிடிக்கும். முகவரி எடுக்கும் &, அந்த முகவரியில் இருப்பதைப் படிக்கும் * இரண்டும் உண்டு, பாயின்டரை அடுத்த இடத்துக்கு நகர்த்தும் பி+1 மட்டும் கிடையாது. லோக்கல் வேரியபிளின் முகவரியைத் தைரியமாக ரிட்டர்ன் செய்யலாம், கம்பைலரே அதை, ஃபங்ஷன் முடிந்தாலும் அழியாத ஹீப் பகுதிக்கு எடுத்துப்போய்விடும்.

பழைய_சி_காரன்:
லிஸ்டையும் சேர்த்து வைத்தேன், விடைகள் சரியாகிவிட்டன. பி+1 இல்லாமல் கை நமநமக்கும்தான். ஆனால் டெஸ்ட் ஏன் பாஸானது?

குப்பைவண்டி:
-5 முதல் 256 வரையுள்ள எண்களை சி-பைதான் தொடக்கத்திலேயே தயாரித்துக் கையில் வைத்துக்கொள்ளும். 5-ம் 10-ம் சாகவே இல்லை, இடம் எப்படிக் காலியாகும்? அடுத்த டெஸ்டில் லிஸ்டைக் கொடுங்கள்.